தொண்ணூற்று நான்கு எடுத்த குரல்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் உள்ள ஒரு கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். இதை வெளியில் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு "அதை யாரு படிக்கா இங்கன?" என்பார்கள். கேள்வியில் தப்பில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது.

படிக்க ஆள் இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் மதிப்பெண்ணுக்காக வருகிறவர்கள். தமிழ்த் தாளில் செய்யுளை உருப்போடுவதைவிடப் பிரெஞ்சு லேசு என்று எந்தக் காலத்திலோ எவனோ ஒரு சீனியர் கிளப்பிவிட்ட கதையை நம்பி வந்து மாட்டிக்கொண்டவர்கள். மீதிப் பாதி பட்டாளக்காரர் வீட்டுப் பிள்ளைகள். சிவகிரியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது ஒருவர் ராணுவத்தில் இருப்பார். அவர்களுடைய பிள்ளைகள் வடக்கே ஊர் ஊராக வளர்ந்து, அப்பாவின் ஓய்வு நெருங்கும்போது சொந்த ஊருக்கு வந்து சேர்வார்கள். தமிழ் பேசுவார்கள், எழுத வராது. அதனால் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுப்பார்கள். சொந்த மொழியை எழுதத் தெரியாததற்குத் தண்டனையாக இன்னொருவன் மொழியை எழுதுகிறவர்கள் என்று ஓய்வறையில் ஒருமுறை சொன்னேன். தமிழ்த்துறைக்காரர்கள் மட்டும் ரசித்துச் சிரித்தார்கள்.

நான் சொல்லப்போவது எங்கள் மொழி ஆய்வகத்துக்கு இணையம் ஒழுங்காக வந்த வருஷத்தில் நடந்தது. பன்னிரண்டு கணினிகளில் எட்டு ஓடின. காதில் மாட்டும் ஹெட்போன்களில் பாதிக்குப் பஞ்சு போய்விட்டிருந்தது. ஆனாலும் எனக்குப் புதுத் துணி எடுத்தது போலச் சந்தோஷம். உச்சரிப்பைக் கேட்டு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் செயலி ஒன்றை எல்லார் போனிலும் ஏற்றினேன். பிரான்ஸில், கடலோரத்து ஊர் ஒன்றில், பிரெஞ்சு ஆசிரியர் ஆவதற்காகப் படிக்கும் மாணவர்களோடு என் மாணவர்களை ஒருவருக்கு ஒருவர் என்று ஜோடி சேர்த்தேன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழக ஆள் வேண்டும், எங்களுக்குப் பேசிப் பழக ஆள் வேண்டும். வாரம் ஒரு குரல்பதிவு. இங்கிருந்து ஒன்று போகும், அங்கிருந்து ஒன்று வரும். போவதற்கு முன் செயலி அதைக் கேட்டு மதிப்பெண் போட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடும்.

பேச்சுத் தேர்வுக்கு மொத்தம் இருபது மதிப்பெண். பத்துப் பதிவுகள், செயலி ஐம்பதுக்கு மேல் காட்டினால் பதிவுக்கு ஒன்று. பருவத்தின் கடைசியில் அந்த ஜோடியோடு காணொளியில் நேருக்கு நேர் பேச வேண்டும், அதற்குப் பத்து. இருபதில் எட்டு எடுத்தால் தேர்ச்சி. எடுக்காவிட்டால் அந்தத் தாள் போச்சு, அடுத்த வருஷம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

செயலியை மாணவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் நானே ஒருமுறை பேசிப் பார்த்தேன். புதுச்சேரியில் மூன்று வருஷம் படித்து, பிறகு பத்து வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்தவள் நான். எண்பத்தொன்று என்று காட்டியது. திரும்பப் பேசினேன். எழுபத்தொன்பது. அன்றைக்கு முழுவதும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் வாரப் பதிவுகள் வந்தன. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்தை மூன்று வாக்கியத்தில் ஐந்து பேர் வர்ணித்திருந்தார்கள், மூன்று வாக்கியமும் ஐந்து பேருக்கும் ஒன்றே. பண்பொழி மலைக்கோவில் படி ஏறிக்கொண்டே ஒருவன் பேசியிருந்தான். அவன் மூச்சிரைப்பைச் செயலி என்ன மொழி என்று எடுத்துக்கொண்டதோ, முப்பத்தெட்டு போட்டது. எல்லாருக்கும் ஐம்பது, அறுபது. ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் தொண்ணூற்று நான்கு.

ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவள். அப்பா ராணுவத்தில், அப்போது எல்லையில் இருந்தார். இவளும் அம்மாவும் அந்த வருஷம்தான் தென்காசிக்கு வந்து வீடு எடுத்திருந்தார்கள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், குரல் வராது. கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். எழுத்துத் தாளில் கெட்டிக்காரி, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சில், எனக்கு எண்பத்தொன்று போட்ட செயலி இவளுக்குத் தொண்ணூற்று நான்கு போடுகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பொறாமை வந்த கையோடு சந்தேகமும் வந்தது. அதற்கு முன்னோடி ஒருவன் வகுப்பிலேயே இருந்தான். வாக்கியத்தை எழுதிக்கொடுத்தால் வாசிக்கும் இன்னொரு செயலியைப் பேசவிட்டு, அதை இந்தச் செயலிக்குப் பிடித்துக்கொடுத்தவன். பாரிஸ்காரன் ஒருவன் கணீரென்று, "நான் இலஞ்சியில் பிறந்தேன், என் அப்பா நெல் விதைக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இயந்திரம் பேசி இயந்திரம் கேட்டதில் நூற்றுக்கு நூறு. இந்தப் பெண்ணும் அதைத்தான் செய்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

ஆனால் ஒரு விஷயம் இடித்தது. இயந்திரக் குரல் என்றால் நூறு அல்லவா வர வேண்டும்? அந்த ஆறு எங்கே போயிற்று? அடுத்த வாரம் தொண்ணூற்று இரண்டு, அதற்கடுத்து தொண்ணூற்றைந்து. எனக்கு மண்டை குடைந்தது. ஒரு விஷயம் புரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் இதை வியாதி என்பார்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சியிடம் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாதவர். கண்ணை மூடிக் கேட்டார்.

"மேடம், இது மெஷின் இல்ல. மெஷினுக்கு மூச்சு வாங்காதுல்லா. ஒவ்வொரு தடவையும் பேசுததுக்கு முன்னால ஒரு இழுப்பு இழுக்கா பாருங்க."

இழுக்கத்தான் செய்தாள். அப்படியானால் வகுப்பில் வாயே திறக்காதவள் வீட்டில் இப்படிப் பேசுகிறாளா? அந்தப் பிற்பகல் எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து வரிசையாகக் கேட்க உட்கார்ந்தேன். வெளியே சாரல் பிடித்திருந்தது, மலை தெரியவில்லை. குற்றாலத்துக்குப் போகிற பேருந்துகள் ஈரச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

முதல் பதிவு, தன் வீட்டைப் பற்றி. இரண்டாவது, சமையல். மூன்றாவது, அருவியில் குளிப்பதற்கு முன் தலையில் எண்ணெய் தேய்ப்பது பற்றி. வாக்கியங்கள் சின்னவை, சரியானவை. குரலில் ஒரு உற்சாகம். எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல, அந்த ஆளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவதுபோல ஒரு பேச்சு. ஏழாவது பதிவும் அப்படியே போய் முடிந்தது. நான் நிறுத்தாமல் விட்டுவிட்டேன். முடிந்த பிறகும் சில விநாடி ஓடியது. பிறகு அதே குரல், ஒரு மூச்சுகூட விடாமல், சுத்தத் திருநெல்வேலித் தமிழில் சொன்னது:

"ஏட்டி, அமுக்கிட்டியா? அங்கன பாலு பொங்குது."

ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். மகளை 'ஏட்டி' என்று கூப்பிடுவது அம்மா. பேசியது அம்மா. மகள் பக்கத்தில் நின்று போனைப் பிடித்திருக்கிறாள்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் வெட்கம் வந்தது. அந்தக் கடைசிச் சில விநாடிகள் இன்னும் மூன்று பதிவுகளிலும் இருந்தன. "போதும்ட்டி" என்று ஒன்றில். "நல்லா வந்திருக்கா?" என்று இன்னொன்றில். ஏழு வாரமாக எனக்கு வந்துகொண்டிருந்த பதிவுகள். நான் ஒன்றைக்கூடக் கடைசிவரை கேட்டதில்லை. செயலி கேட்டது, நான் எண்ணைப் பார்த்து மதிப்பெண் பதிந்தேன். பிள்ளைகள் ஏமாற்றுகிறார்கள் என்று கொதித்தவள், அவர்கள் பேச்சை முழுசாகக் கேட்காமலே ஆசிரியையாக இருந்திருக்கிறேன்.

மறுநாள் அவளை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டேன். ஏழாவது பதிவின் கடைசியைப் போட்டேன். பால் பொங்குகிற இடம் வந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எழுதினது நான்தான் மேம்," என்றாள். "பேசினது அம்மா."

"நீ ஏன் பேசலை?"

எந்த ஊர் வாடையும் இல்லாத ஒரு தமிழில் மெதுவாகச் சொன்னாள். வடக்கே பள்ளிக்கூடத்தில் இவள் இந்தியைக் கேட்டுச் சிரித்தார்கள். அப்பாவுக்கு மாற்றல் வந்து வேறு ஊர் போனால் அங்கே வேறு மாதிரி சிரித்தார்கள். இங்கே வந்தால் இவள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். "எந்த மொழி பேசினாலும் சிரிக்கிறாங்க மேம். அதனால பேசறதில்லை."

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் விதி விதிதான். அந்தப் பாரிஸ்காரப் பையனுடைய பதிவுக்கு சைபர் போட்டுவிட்டு இவளை விட்டுவிட முடியாது. பத்துப் பதிவுக்கும் சைபர், இனி வருவதையும் கணக்கில் எடுக்க மாட்டேன், காணொளிப் பேச்சில் நீயே பேசி எட்டு எடுத்தால் தேர்ச்சி, இல்லாவிட்டால் இல்லை என்று சொன்னேன். கடைசிவரை கேட்காதது என் தப்பு என்பதால் இதை மேலே கொண்டுபோகவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பத்துக்கு எட்டு, வாயே திறக்காத பெண்ணுக்கு. சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய சுவர் என்று எனக்கு உறைத்தது.

அதற்கு மறுநாள், கூப்பிடாமலே அவள் அம்மா வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். குடையை வெளியே விரித்து வைத்துவிட்டு, ஈரக் காலோடு உள்ளே வரத் தயங்கினாள். நான் உட்காரச் சொன்னேன். அந்தக் குரல் இந்த வாயிலிருந்துதான் வந்தது என்று நம்புவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"தப்புப் பண்ணணும்னு பண்ணல டீச்சர். அவ எழுதி வச்சிட்டு அந்தப் போனையே பாத்துக்கிட்டு இருக்கா. அது பேசு பேசுன்னு செவப்பா மினுங்கிக்கிட்டே கெடக்கு. எனக்குப் பொறுக்கல. குடு இங்கனன்னு வாங்கி நான் சொல்லிட்டேன். ஒடனே பச்சையா தொண்ணூத்தி நாலுன்னு காட்டுச்சு." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "பத்தாங்கிளாசுக்கு அப்புறம் எனக்கு யாரும் மார்க்கு போட்டதில்ல டீச்சர்."

கண்டிக்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்த வார்த்தைகளை மறந்துவிட்டு, "எப்படி இவ்வளவு சரியா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"கேக்கதைச் சொல்லுதேன், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அங்கேருந்து பேசி அனுப்புதால்லா, அதையே பாத்திரம் விளக்கும்போது போட்டுப் போட்டுக் கேப்பேன். குவாட்டர்ஸ்ல பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாபி பேசுனா, நம்மளும் பஞ்சாபில ரெண்டு வார்த்தை பேசுனாத்தான் அவ மோர் தருவா. அப்புறம் அஸ்ஸாமுக்குப் போனோம், அங்கன வேற மாதிரி. இதுவும் அப்படித்தான்." பிறகு முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டாள். "டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? அவங்க ஏன் பாதி எழுத்தை எழுதிட்டுச் சொல்லாம முழுங்கிருதாங்க? சொல்லாததை எதுக்கு எழுதணும்?"

இத்தனை வருஷத்தில் என் மாணவர் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. எழுதச் சொன்னால் எழுதினார்கள், முழுங்கச் சொன்னால் முழுங்கினார்கள். ஒரு காலத்தில் அதையெல்லாம் சொல்லத்தான் செய்தார்கள், வாய் விட்டுவிட்டது, கை விடவில்லை என்று சொன்னேன். அவள் தனக்குள் சிரித்துக்கொண்டு, "அது சரிதான்," என்றாள். இன்னும் நாலு கேள்வி கேட்டாள். மணி அடித்தது, நான் வகுப்புக்குப் போக வேண்டும். எழுந்தபோதுதான் வந்த காரியம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அவ வாயைத் தொறக்க மாட்டா டீச்சர். எட்டு எப்படி வரும்?"

எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். இனிமேல் நீங்கள் பேசக்கூடாது, உதவுகிறேன் என்று பக்கத்தில்கூட நிற்கக்கூடாது என்றும் சொன்னேன். சரி என்றாள். குடையை எடுத்துக்கொண்டு போனபோது அவளிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்டது போல எனக்கு இருந்தது.

மிச்சம் மூன்று வாரமும் அந்தப் பெண்ணிடமிருந்து பதிவு வரவில்லை. பிரான்ஸிலிருந்து அவளுடைய ஜோடி எனக்கு எழுதிக் கேட்டாள், உடம்புக்கு ஏதாவதா என்று. நேரில் பேசும்போது தெரிந்துகொள்வாய் என்று பதில் போட்டேன்.

காணொளி நாள் வந்தது. எங்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரம், அவர்களுக்குக் காலை. ஆய்வகத்துச் சுவரில் பெரிய திரை கட்டியிருந்தோம். வெளிநாட்டோடு பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு முதல்வரும் இரண்டு துறைத்தலைவர்களும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் இதை எதிர்பார்க்கவில்லை. தனியாகவே பேச வராத பெண், இத்தனை பேர் முன்னால் என்ன செய்வாள்?

நாலு பேர் பேசி முடித்தார்கள். பாரிஸ்காரப் பையன் தன் சொந்தக் குரலில் திக்கித் திணறி ஐந்தோ ஆறோ தேற்றினான். ஐந்தாவது அவள். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரையில் அந்தப் பிரெஞ்சுப் பெண் வந்து கையை ஆட்டினாள். உன் குரலுக்காக மூன்று வாரமாகக் காத்திருக்கிறேன் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

இவள், "பொன்ழூர்," என்று வணக்கம் சொன்னாள். பாதிதான் வெளியே வந்தது.

திரையில் இருந்தவள் நெற்றியைச் சுருக்கினாள். இன்னும் ஒருமுறை சொல்லச் சொன்னாள். இவள் சொன்னாள். அவள் குழப்பத்தோடு கேட்டாள்: "இது உன் குரல் இல்லையே?"

என் கையில் மதிப்பெண் தாள். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். எழுந்து போய், இணைப்பு சரியில்லை, குரல் மாறிக் கேட்கிறது என்று பிரெஞ்சில் ஒரு பொய் சொன்னால் போதும். சொல்லிவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஆய்வகம் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது.

"ஸெ மா மேர்," என்றாள் அவள். அது என் அம்மா.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்தேன். அவள் திரும்பவே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டு தொடர்ந்தாள். நான் எழுதுகிறேன். அம்மா பேசுகிறாள். எனக்குப் பயம். ஏன் பயம் என்று அங்கிருந்து கேள்வி வந்தது. எல்லாரும் சிரிக்கிறார்கள், இப்போதுகூட ஒருத்தர் சிரித்தார், என்றாள். பிரெஞ்சுப் பெண் திரைக்குக் கிட்டே வந்து, நான் சிரிக்கவில்லையே, என்றாள். அம்மாவைப் பற்றிச் சொல் என்றாள்.

அவள் சொன்னாள். நடந்ததை நடக்கிறதாகவும் நடக்கப்போவதை நடந்ததாகவும் போட்டுக் குழப்பினாள். சொல் கிடைக்காதபோது கையால் காட்டினாள். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டே உன் குரலைக் கேட்பாள் என்றாள். பஞ்சாபில் மோர் வாங்கிய கதையைச் சொன்னாள். பால் பொங்கி அடுப்பு அணைந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் இப்போது சிரித்தாள், இவளும் கூடச் சிரித்தாள். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்திருந்தேன். பதினொரு நிமிஷம் ஓடியது, நான் நிறுத்தவில்லை.

முதல்வர் என் பக்கம் சாய்ந்து, "நல்லா பேசுதாளே. என்ன சொல்லுதா?" என்று கேட்டார்.

"தன் அம்மாவைப் பத்திச் சொல்றா சார்."

"நல்ல விஷயம்," என்று சொல்லி எழுந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். ஒரு பெண் தான் செய்த தப்பை முதல்வர் முன்னாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறாள். அறையில் அது புரிந்தது எங்கள் வகுப்புக்கு மட்டும்தான். பத்து வருஷத்துக்கு மேல் எத்தனையோ உரையாடல் பயிற்சி நடத்தியிருக்கிறேன், கடையில் ரொட்டி வாங்குவது, ரயில் நிலையத்துக்கு வழி கேட்பது என்று. எதிரில் இருக்கிறவரிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒன்றை என் மாணவர் ஒருவர் பிரெஞ்சில் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

ஒன்பது போட்டேன். காலங்களைக் குழப்பியதற்கு ஒன்று குறைத்தேன். அதைக்கூட விட்டுக்கொடுத்திருக்கலாம், ஆனால் என் சுபாவம் விடவில்லை.

மதிப்பெண் பட்டியலைத் துறை வாசலில் ஒட்டிய அன்று அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். மகள் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தோழிகளிடம் ஓடிவிட்டாள். அம்மா மட்டும் நின்று, மகளின் பெயருக்கு நேராக விரலை வைத்து, ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டு போனாள். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெளியே வந்தேன்.

"டீச்சர், இந்தப் பத்து முட்டையும் எனக்குத்தான? அவளுக்கு இல்லேல்லா?"

"உங்களுக்குத்தான்," என்றேன். "அவளுக்கு அந்த ஒன்பது."

"அப்பச் சரி," என்று அவள் முகம் மலர்ந்தது. "நான்கூட எல்லாம் அவ பேருல ஏறிருமோன்னு பயந்துட்டேன்."

அந்தத் தாளில் அவளுக்கென்று ஒரு கட்டம் இல்லை, எங்கும் அவள் பெயர் இல்லை. நான் கேட்ட அத்தனை குரல்களிலும் நன்றாகப் பேசிய ஒருத்திக்கு நான் கொடுத்தது பத்து சைபர். அதை வாங்கிக்கொண்டு அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.